அப்பா ஏறினால் மட்டும்

"வண்டிய நிறுத்தும்மா."

பின் இருக்கையிலிருந்து அப்பா இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூட ஆகியிருக்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கிய கார் மறுபடியும் 'கிறீச்' என்றது. ஈரக் கையைக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தாற்போல ஒரு சத்தம். ஓட்டிக்கொண்டிருந்த மகளுக்குப் பல் கூசியது.

"ஒண்ணும் இல்லப்பா. பழைய வண்டி, கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

"முனகுறது எது, கத்துறது எதுன்னு எனக்குத் தெரியாதா? நிறுத்துன்னா நிறுத்து."

சாவி செய்யும் கடை ஒன்றின் முன்னால் ஓரங்கட்டினாள். அப்பா இறங்கினார். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து தன் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போர்வை, தலையணை, வெந்நீர்க் குடுவை, மாற்றுத்துணி, எக்ஸ்ரே படங்கள் என்று ஒரு குடித்தனமே அதற்குள் இருந்தது. அந்தப் பையில்லாமல் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். பையைத் தூக்கியதும் ஒரு பக்கம் சாய்ந்துபோனார். ஆனாலும் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அவர் பக்கத்திலேயே ஊர்ந்தாள்.

"ஏறுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சத்தம் நிக்கட்டும், ஏறுறேன்."

பின்னால் வந்த லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்திவிட்டுத் தலையை நீட்டினார். "ஏம்மா, காரை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதைவிட ஒரு குழப்பமும் வந்தது. வீடு வரும்வரை எத்தனையோ பள்ளம், எத்தனையோ மேடு. வண்டி ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. பரம சாதுவாக உருண்டு வந்தது.

அப்பா வீம்புக்காரர் அல்லர். முடி நரைக்கும்வரை பஸ் ஓட்டியவர். ஒருநாள் பஸ்ஸின் முன்சக்கரத்தில் இப்படித்தான் ஒரு கிறீச் கேட்டது. 'டிப்போவுக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று நினைத்து ஓட்டினார். டிப்போ வருவதற்குள் சக்கரம் இறுகிக்கொண்டது. பஸ் ஒரு மரத்தில் போய் மோதியது. பயணிகள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். வாசலில் நின்றிருந்த கண்டக்டருக்கு இடுப்பு உடைந்தது. அந்த மனிதர் அதன் பிறகு கோலில்லாமல் நடக்கவே இல்லை. கடைசிவரை அப்பாவை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. அதுதான் அப்பாவால் தாங்க முடியாமல் போனது. அன்றிலிருந்து சத்தம் போடும் வண்டியில் அவர் கால் வைப்பதில்லை.

இப்போது அவர் நெஞ்சில் ஒரு கட்டி. அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரநாளெல்லாம் போக வேண்டும். அன்று மாலை ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு விட்டது விட்டதாப் போகட்டும். இனிமே ஒருநாளும் விடாதீங்க. நடுவுல நடுவுல விட்டா, அடங்கின கட்டி மறுபடி தலை தூக்கும். சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை காலைல கண்டிப்பா கூட்டிட்டு வந்துருங்க."

வாடகைக் காரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. அந்த ஓட்டுநர் பாட்டைச் சத்தமாக வைத்தார். வண்டியின் சத்தம் காதில் விழவில்லையென்று அப்பா அதிலிருந்தும் இறங்கிவிட்டார். பஸ் நெரிசலில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். ஆக, திங்கட்கிழமைக்குள் இந்தக் காரின் வாயை அடைத்தாக வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள். இந்த வீட்டில் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். 'கொடுத்த கை வாயைத் தொடக்கூடாது' என்பது அப்பா போட்ட சட்டம். பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். மருமகனும் வந்த புதிதிலேயே அதற்குப் பழகிக்கொண்டார். அதனால் அந்த வீட்டில் யார் பால் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பல நாள் இரட்டைப் பால் காயும். மழைநாளில் ஒருவர் பையில் இரண்டு குடை இருக்கும், இன்னொருவர் நனைந்துகொண்டு வருவார். அன்பு குறையவில்லை. விலாசம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அந்த வீட்டுச் சட்டம் காருக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் மகள். அவள் தையல் கடையில் துணி வெட்டுபவள். ஸ்டியரிங்குக்குமேல் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசித்தான் சத்தம் வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கோட்டுக் கழுத்துக்கு உள்ளே வைக்கும் கம்பளித் துணியை நாடா நாடாவாக வெட்டி, கத்தரிக்கோல் முனையால் இடுக்கெல்லாம் செருகினாள். செருகும்போது, "ஆண்டவா, அப்பாவை ஏற வச்சிடு" என்று முணுமுணுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக் காம்பு கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அவர் வழக்கம். மனைவி சமையலறையில் இருந்த நேரம் பார்த்துப் பானெட்டைத் திறந்தார். உள்ளே எது எது என்று அவருக்குத் தெரியாது. சுற்றுகிற மாதிரி தெரிந்த இடத்திலெல்லாம் தாராளமாக எண்ணெய் விட்டார். நடுவில் ஒரு ரப்பர்ப் பட்டை இருந்தது. பாவம், வறண்டு கிடக்கிறதே என்று அதற்கும் விட்டார்.

கடைசியாகத் தம்பி. அச்சகத்தில் வேலை. அவனுக்கு வீட்டில் புயல் என்று பெயர். குளிக்கப் போனால் வெளியே வர அரைப்பொழுது ஆகும் என்பதால் அப்பா கேலியாக வைத்த பெயர் அது. அவனுக்குக் கதவின்மேல்தான் சந்தேகம். அச்சகத்தில் மெஷின் ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்து வைப்பார்கள். அதே வைத்தியத்தைக் கதவுக்கும் செய்தான். மடித்த அட்டையை உள்பக்கப் பிளாஸ்டிக்கில் திணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன்போல வந்து காப்பி கேட்டான்.

மாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அப்பாவைக் கூப்பிடவில்லை. சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கூட்டிப் போகலாம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூவருக்குள்ளும் ஒரே ரகசியப் பெருமை.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஓலமிட்டது. மிதித்த பன்றிக்குட்டி மாதிரி ஒரு நீளமான 'வீஈஈ'.

"இது என்னங்க, புதுசா?" என்றாள் மகள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கணவரின் முகம் வெளுத்தது.

தெருமுனை திரும்பும்போது கதவு 'டர்ர்ர்' என்றது. புயல் சட்டென்று முழங்கையை அதன்மேல் சாய்த்து அமுக்கினான். டாஷ்போர்டில் காற்று வரும் துவாரத்தைத் திறந்தபோது உள்ளே துணி போல எதுவோ சிறகடித்தது. மகள் அவசரமாக அதை மூடினாள்.

"ஏன் மூடுறே? வெக்கையா இருக்கு."

"குளிருது."

"இந்த வேர்வைலயா?"

"எனக்குக் குளிருதுங்க."

மூவரும் ஆளுக்கொரு சத்தத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பழைய கிறீச் மட்டும் கேட்கவேயில்லை. போனது ஒன்று, வந்தது மூன்று. நல்லது செய்யத்தான் கை வைத்தோம், இதென்ன இப்படி என்று ஒவ்வொருவருக்கும் ஒரே கலக்கம். ஆனால் யாருக்கும் வாய் வரவில்லை. நல்லதைச் சொல்லக்கூடாதென்றால், நல்லது கெட்டுப்போனதை மட்டும் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக் கடை கிடையாது. இருந்தாலும் போனில் விஷயத்தைக் கேட்டதும், "ஐயாவோட சிகிச்சைன்னா கொண்டாங்கக்கா, திறக்குறேன்" என்றார். வெள்ளைச் சட்டையோடு வந்தவர் அதைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு வேலையில் இறங்கினார். வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார். மூடினார். கதவைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

ரப்பர்ப் பட்டையைக் கழற்றி, வேறு பட்டை மாட்டினார். மறுபடி ஓட்டிவிட்டு வந்து, "இப்ப ஒரு சத்தமும் இல்ல. ஐயாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்பா பையோடு வந்தார். பையை டிக்கியில் வைத்தார். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். மெக்கானிக் ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவரும் புயலும் அப்பாவின் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டார்கள். வண்டி கடைவாசலில் இருந்த சாக்கடை மூடியின்மேல் ஏறி இறங்கியது.

'கிறீச்.'

மெக்கானிக் பிரேக்கில் காலை வைத்தார். "இது எங்கேருந்து வருது?"

"இதான்! இதேதான்!" என்றாள் மகள்.

"அக்கா, இத்தனை நேரம் ஓட்டினேனே. இது இல்லவே இல்லையே."

அப்பாவை இறங்கச் சொன்னார். அவர் இறங்கினார், வழக்கம்போலப் பையையும் எடுத்துக்கொண்டார். மெக்கானிக் ஒரு சுற்று சுற்றி வந்தார். சத்தம் இல்லை. அப்பா ஏறினார். சத்தம் வந்தது. இறங்கினார். நின்றது.

புயல் தாங்காமல், "அப்பாவுக்கு எண்ணெய் விட்டுப் பாப்போமா?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குள் கிடந்த பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க, புரிஞ்சுபோச்சு" என்றார். குரல் தணிந்திருந்தது. "நான் ஏறினா மட்டும் அழுவுதுன்னா, அது எனக்காகத்தான் அழுவுது. அன்னிக்கு ஒரு வண்டி சொன்னதைக் கேக்கல நான். இப்ப இன்னொண்ணு சொல்லுது, போகாதேன்னு. கேட்டுக்கிறேன். நாளைக்கு நான் எங்கேயும் வரல."

"மாமா, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றார் மருமகன்.

"நான் கோவத்துல சொல்லல மாப்பிள்ளை. நிம்மதியாத்தான் சொல்றேன்."

அந்த நிம்மதிதான் மகளைப் பயமுறுத்தியது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "ஒண்ணு கேக்குறேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. இந்த வண்டில உங்கள்ல யார் யார் கை வச்சீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"டாஷ்போர்டு இடுக்குல கம்பளித் துணி. கதவுக்குள்ள சோப்புப்பெட்டி அட்டை, அதுவும் படம் தலைகீழா அச்சானது. ஃபேன் பெல்ட்டுல எண்ணெய்! பெல்ட்டுல எண்ணெய் விட்டா வழுக்காதா? வழுக்கினா கத்தாதா? உங்க வீட்டுல பேய் இருக்கா, இல்ல மெக்கானிக் இருக்கானா? ஒளிச்சு ஒளிச்சு வச்சா நான் எதைன்னு தேடுவேன்? வைத்தியர்கிட்டயும் என்கிட்டயும் மறைக்கக்கூடாது."

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "துணி... நான் வச்சேன்."

"நீயா?" என்றார் கணவர். பிறகு மெல்ல, "எண்ணெய் நான். கண்ணாடிக் காம்புக்கு விடுற எண்ணெய். நல்ல எண்ணெய்தான்..." என்றார்.

"அட்டை நம்மளுது" என்றான் புயல்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நேத்து கதவுல சாஞ்சு சாஞ்சு வந்தியே, அதுக்குத்தானாடா? நான் உனக்கு முதுகுவலின்னு நெனச்சேன்" என்றாள் மகள் தம்பியிடம்.

"நீ மட்டும்? வேர்வைல குளிருதுன்னியே!"

அப்பா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்ப செஞ்சீங்க இதெல்லாம்?"

"நேத்து காலைலப்பா."

"மூணு பேருமா?"

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாதுப்பா."

"எதுக்கு?"

அப்பாவின் விரல்கள் பையின் வாரை வருடிக்கொண்டிருந்தன. தனக்காக மூன்று பேர் திருட்டுத்தனமாகத் திருகியும் திணித்தும் பார்த்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக இந்த வீட்டில் இன்னும் என்னென்ன யார் யார் எனக்குச் செய்தார்களோ, ஒன்றையும் நான் அறியவில்லையே என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. செய்த உதவியை மறைப்பது நல்லதுதான். ஆனால் கதவை முழுக்கச் சாத்திவிட்டால், பதிலுக்கு வரும் நன்றியும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"சரி, அதெல்லாம் எடுத்தாச்சு" என்றார் மெக்கானிக். "ஆனா இந்தக் கிறீச் அதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு சொல்றீங்க. ஐயா, கடைசியா ஒரே ஒரு தடவை ஏறுங்க. நான் பின்னாடி படுத்துக் கேக்குறேன். அக்கா ஓட்டட்டும்."

அப்பா தயங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறினார். டிக்கியில் மெக்கானிக் படுக்க இடம் வேண்டுமென்பதால், வண்டிக்குள் பை முதல்முறையாக அவர் மடிக்குப் போனது. மெக்கானிக் காலை மடக்கிக்கொண்டு டிக்கிப் பலகையில் காதை வைத்துப் படுத்தார். வண்டி சாக்கடை மூடியின்மேல் ஏறியது.

"ஐயோ!" என்று பின்னாலிருந்து அலறல் வந்தது. "காதுக்குள்ளயே கத்துது! நிறுத்துங்கக்கா! எனக்குக் கீழதான் இருக்கு!"

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். மெக்கானிக் பலகையைத் தூக்கினார். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துக் குழியில் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். அதற்குள் குழந்தையைப் போர்த்திப் படுக்க வைத்த மாதிரி ஒரு புது ஜாக்கி. மெக்கானிக் பலகையை மேலே வைத்துக் கையால் அழுத்தினார். தெர்மாகோல் கிறீச்சிட்டது. கையை எடுத்தார். நின்றது.

"மேல பாரம் இருந்தா அழுத்திக்கிட்டு உரசுது. ஐயா பையை இதுமேலதானே வைப்பீங்க? நீங்க ஏறினா பையும் ஏறும், நீங்க இறங்கினா பையும் இறங்கும். வண்டி உங்களுக்காகவும் அழல, யாருக்காகவும் அழல. பைக்காகத்தான் அழுதிருக்கு!" அவர் நிமிர்ந்தார். "இதை வச்சது யாரு?"

"நான் இல்ல" என்றாள் மகள்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் கணவர்.

"என்னைப் பாக்காதீங்க. நான் அட்டை மட்டும்தான்" என்றான் புயல்.

கடைக் கூரையில் ஒரு குருவி அங்குமிங்கும் குதித்தது. அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு மறுபடியும் செருமினார். அவர் வாழ்நாளில் சொல்லியிராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அது... நான்தான்."

"அப்பா!"

"பழைய வண்டியா வாங்கினீங்களே, அதுல ஜாக்கி இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம்தான் பாத்தேன். என்னை இறக்கிவிட்டுட்டு நீ தனியா வேலைக்குப் போறே. நடுவழியில பஞ்சர் ஆனா நீ என்னம்மா பண்ணுவே? அதான் வாங்கி வச்சேன்."

"தெர்மாகோல் எதுக்கு மாமா?"

அப்பா வெட்கத்தோடு மருமகனைப் பார்த்தார். "சும்மா வச்சா ஜாக்கி உருண்டு சத்தம் போடும். சத்தம் வரக்கூடாதுன்னு சுத்தி வச்சேன்."

புயல்தான் முதலில் சிரித்தான். பிறகு மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்தார். அப்பாவும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது சிரிப்பின் கணக்கா, அழுகையின் கணக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மெக்கானிக் ஜாக்கியை ஒரு பழைய போர்வைத் துண்டில் சுற்றி வாரால் கட்டி வைத்தார். தெர்மாகோலைக் குப்பைக்கு எடுத்துப் போனவரை மகள் தடுத்தாள். "அதைக் குடுங்கண்ணே. வீட்டுல இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை அப்பா பையை டிக்கியில் வைத்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. தெருமுனை, சாவிக்கடை, வேகத்தடை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். ஒன்றுமில்லை. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தாள். அப்பா தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா? ஏதாவது கேக்குதா?"

"இல்லம்மா. அதான் ஒரு மாதிரியா இருக்கு. வண்டி ஓடுதா, நிக்குதா?"

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர் உடனே போகவில்லை. கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அந்தத் துணி வச்சியே."

"ஆமாப்பா. அதான் வேலைக்கே ஆகலையே."

"ஆகலைன்னா என்ன? நல்லா இருந்துச்சும்மா." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடு, எண்ணெயும் நல்லா இருந்துச்சுன்னு. புயல்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவன் குளிச்சு முடிச்சிருந்தா."

படியேறிப் போனவர் பாதியில் நின்று திரும்பினார்.

"காலைல உன் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி வச்சேன். நான்தான். சொல்லிட்டேன்."

மகள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பாட்டில்கள் இருந்தன, இரண்டிலும் வெந்நீர்.